கரண்ட் வருவதற்குள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்று விட்டுப்போயிருக்கும், பெரிய றகரம் வர வேண்டிய இடத்தில் சின்ன ரகரம் வந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மளிகைக் கடையில் பொட்டலத்தின் மேல் மல்லி, சீரகம் என்று எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த எழுத்து வேலை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெரவியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு இரண்டு மழைக்காலமாக ஊதிப்போய் நிலையில் உரசிக்கொண்டிருந்தது. சாத்த வேண்டுமென்றால் தோளால் முட்ட வேண்டும். என் மனைவிக்குத் தையல் வேலை. தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை அவள் தைத்ததுதான். ஒரு நாள் அந்தக் கதவை இழுத்துச் சாத்தும்போது அவள் கட்டைவிரல் நசுங்கி, நாலு நாள் ஊசி பிடிக்க முடியவில்லை.

"கதவ நீங்க சரி பண்றீங்களா, இல்ல நான் கோடாலிய எடுக்கவா?" என்று கேட்டாள்.

ஆசாரியைக் கூப்பிட்டால் அவரோடு நின்று பேச வேண்டும். எனக்கு அது வராது. நாமே தேய்த்துவிடலாம் என்று உப்புத்தாள் வாங்கி இரண்டு நாள் தேய்த்தேன். கதவு அப்படியே இருந்தது, என் தோள்தான் கழன்றது.

பக்கத்துத் தெருவில் ஒரு முஸ்லிம் தம்பி இருக்கிறார். துபாயில் கதவு ஜன்னல் செய்யும் இடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். கடைக்குச் சாமான் வாங்க வந்தபோது என் கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். மறுநாள் காலையில் பெல்ட் சாண்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு உருளைகளின் மேல் உப்புத்தாள் பட்டையாகச் சுற்றி ஓடுகிற மெஷின் அது. நல்ல கனம்.

என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "அண்ணே, கைலிய அவுத்துட்டு பேண்ட்ட போடுங்க."

வீட்டில் நான் பேண்ட் போட்டதே இல்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

"சிரிக்காதீங்க. கைலி நுனி உள்ள போச்சுன்னா ஆளையே இழுத்துரும். கழுத்துல கெடக்குற மாதா உத்தரியக் கயிறையும் பனியனுக்குள்ள போடுங்க. மாதா காப்பாத்துவாங்கதான், ஆனா கயிறு தொங்குனா அவங்களுக்கும் கஷ்டம்."

பிறகு ஓட்டிக் காட்டினார். மரத்தில் வைத்துவிட்டு ஸ்விட்சை அமுக்கக் கூடாது; தூக்கிப் பிடித்து ஓடவிட்டு, அப்புறம் மெதுவாக இறக்க வேண்டும். எடுக்கும்போதும் ஓடுகிறபோதே தூக்கிவிட்டு, பட்டை நிற்கும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. ஓரிடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் அங்கே குழி விழும். பட்டையில் கை வைக்கிற எந்த வேலையாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பொத்தான் இருந்தது. ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளே அமுக்கினால் விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

"இத மட்டும் தொடாதீங்கண்ணே. இது பட்டறைக்காரங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைக் கழற்றி, கொல்லைப்புறத்துக் கூடத்தில் இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப் போட்டு ஆரம்பித்தேன். போனைத் தூசுக்குப் பயந்து பீரோவில் வைத்தேன். அரைமணி நேரம் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. அப்புறம் ஆள்காட்டி விரல் மரத்துப்போயிற்று. தொடாதே என்றவரும் பக்கத்தில் இல்லை. பொத்தானை அமுக்கினேன். விரலுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. பட்டை முனகிக்கொண்டே நின்றது. மெஷினைக் கதவின் மேல் சாய்த்து வைத்தேன்.

எங்கள் பக்கம் கரண்ட் போனால் யாரும் ஸ்விட்சை அணைப்பதில்லை. ஃபேன் சுற்றினால்தானே வந்துவிட்டது என்று தெரியும்? அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டிலும் இல்லையா என்று பார்த்து நிம்மதி அடைவோம். நானும் அப்படியே விட்டேன். கீலுக்குப் புது ஸ்க்ரூ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வியர்வையோடு பேண்ட்டில் கிளம்பினேன். மாஸ்க் தாடையில் தொங்கியது. மனைவி பதில் சொன்னாளா என்று நினைவில்லை.

நாலு கடை ஏறி இறங்கித் திரும்பி வரும்போது தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் கூட்டம். லைன்மேன் ஃபியூஸ் போட்டுவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாக வைகாசி வெயிலில் வெந்தவர்கள் எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகத் தாண்டினேன்.

எதிர்வீட்டு அக்கா யாரிடமோ சொன்னார்: "சீக்கிரம் போடச் சொல்லுங்க. மிக்சிய திருகுனபடியே விட்டுட்டு வந்துருக்கேன். கரண்ட் வந்தா சட்டினி தானா அரைஞ்சுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் கால் நின்றுவிட்டது.

கறுப்புப் பொத்தான் உள்ளேதான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. போர்டு ஸ்விட்சும் அணைக்கவில்லை. அந்த மெஷின் கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அடுத்து நினைத்தது அதைவிட மோசம். என் மனைவியுடையது மிதித்து ஓட்டுகிற தையல் மெஷின். கால் எடுத்தால் அது கல். நின்றவுடன் துணியால் துடைத்து, இண்டு இடுக்கில் விரலை விட்டுப் பஞ்சு எடுப்பது அவள் பழக்கம். நின்ற மெஷினில் தூசு இருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

லைன்மேன் கம்பத்தடியில் கரண்ட் விடுகிற கைப்பிடியில் கையை வைத்துவிட்டார். ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"யோவ், யாருய்யா அது? லைன் கிட்ட வந்து கையப் புடிக்கிறே?"

"போடாதீங்க" என்றேன். "வீட்டுல... மெஷினு... அது பூட்டியிருக்கு. எம் பொஞ்சாதி..."

பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவர், "கடக்கார அண்ணன் வாயத் தொறந்துட்டாருய்யா. இன்னிக்கி மழதான்" என்றார். இன்னொருவர், "நாங்க வேகுறோம், இவரு மெஷினுக்கு முகூர்த்தம் பாக்கணுமாக்கும்" என்றார்.

லைன்மேன் என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போன் போடுங்க."

"போன் வீட்டுல."

"அவங்க நம்பர சொல்லுங்க, நான் போடுறேன்."

அவள் நம்பர் என் போனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன்.

"சரி, நூறு எண்ணுவேன். அதுக்குள்ள போயிருங்க. மேல என்னால புடிச்சு வைக்க முடியாது, இவங்க என்னையத் தூக்கிக் கம்பத்துல கட்டிருவாங்க."

ஓடினேன். தெருவின் அந்தக் கோடியில் எங்கள் வீடு. எனக்குப் பின்னால் கூட்டமே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. கபடி பார்க்கிற மாதிரி ஒரே குரலில். இருபது வரைக்கும் ஒழுங்காக எண்ணினார்கள். அப்புறம் யாரோ விளையாட்டாக "முப்பது, நாப்பது" என்று தாவினார். லைன்மேன் அதட்டுவது கேட்டது. அவர் எந்த எண்ணிக்கையைக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பேண்ட் காலைத் தடுத்தது. செருப்பு ஒன்று போயிற்று. ஓடிக்கொண்டே அவள் பெயரைக் கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் நான் அவள் பெயரைச் சொன்னதில்லை.

கூடத்தில் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் மடியில் மல்லாந்து கிடந்தது. இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்கள் இரண்டைப் பட்டைக்கும் உருளைக்கும் நடுவே விட்டுத் தூசை வழித்துக்கொண்டிருந்தாள். முந்தானை பட்டையின் மேலேயே கிடந்தது.

அவளிடம் பேச நேரமில்லை. வயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸே பறந்து வந்து சுவரில் மோதியது, பிளக் கழன்றது.

"ஏங்க, என்னாச்சு உங்களுக்கு?" என்றாள்.

நான் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். ஐந்து விநாடி இருக்கும், பத்து விநாடி இருக்கும். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. தெருவில் கூச்சல் கேட்டது.

மெஷினை அவள் மடியிலிருந்து எடுத்து ஸ்விட்சை ஒருமுறை அமுக்கி விட்டேன். கறுப்புப் பொத்தான் 'டக்'கென்று வெளியே குதித்தது. அவள் அதைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என் கையில் இருந்த வயரைப் பார்த்தாள். மெஷினோடு வாழ்கிறவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"எந்த விரலு போயிருக்கும்?"

நான் மெஷினைத் தரையில் வைத்தேன்.

"சொல்லுங்க. தெருவுல எல்லாம் கத்துனீங்கள்ல."

"தெரியல" என்றேன். "நாந்தான் அமுக்கி வச்சேன். அந்தத் தம்பி தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

அன்றைக்கு அவள் தைக்கவில்லை. சோறு மட்டும் போட்டாள். கதவு இல்லாத வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு நாள் உள்ளே வந்து போயிற்று. அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் துணியில் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அவளே அதைப் பிரித்தாள்.

"பாதிக் கதவ என்ன பண்றது? பேண்ட்ட போட்டுட்டு வாங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிளக்கைக் கையில் எடுத்துப் போர்டுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் மெஷினைத் தூக்கினேன்.

"பொத்தான் வெளிய இருக்கா?"

"இருக்கு."

"காட்டுங்க."

கிட்டே கொண்டுபோய்த் திருப்பிக் காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகினாள். நான் மூச்சு வாங்க நிறுத்திய ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு முறையும் காட்டச் சொன்னாள். மத்தியானத்துக்குள் பதினோரு முறை காட்டியிருப்பேன். எனக்குக் கோபம் வரவில்லை.

எழுதி முடித்தது ஆகஸ்ட் 27.