நாலு மணிச் சலம்

முப்பது வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு, இளைப்பாறிய பிறகு புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர், எங்கள் பேச்சில் சலம், போவதே பெரும் பாடாயிற்று. கிளினிக்கில் ஒரு டொக்டர்ப் பிள்ளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மருந்துக் குளிசையோடு சமாளிக்கக்கூடியவர் யார், அறுக்க வேண்டியவர் யார் என்பதுதான் ஆராய்ச்சி. என்னையும் சேர்த்துக்கொண்டு ஒரு கொப்பியும் அளவுச் சாடியும் தந்தாள்.

"சேர், ஒவ்வொருக்காவும் சலம் போகேக்கை அளந்து நேரத்தோடை எழுதுங்கோ. மூண்டாம் நாள் கொப்பியோடை வாங்கோ."

"ஓம், ஓம்" என்றேன். சாடியை என் மனிசி பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணீரோடு இருந்து மூன்று நாள் சலத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பள்ளிக்கூடத்துப் பாடக்குறிப்பும் அப்படித்தானே. கிழமை முழுக்கப் படிப்பிக்கப்போவதை முன்கூட்டியே எழுதி அதிபரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். படிப்பித்தோமா என்பது வேறு கதை. இரண்டு பேனை மாற்றினேன். ஓரிடத்தில் தேத்தண்ணீர்த் துளியும் வைத்தேன். அளவுகளெல்லாம் ஒரு இளந்தாரியின் அளவுகள். எனக்குக் கத்தியென்றால் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். கணக்கு நன்றாக இருந்தால் அறுக்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

என் அதிபர்மார் ஒருவரும் என் குறிப்பில் ஒரு வரி வாசித்தது கிடையாது. இந்தப் பிள்ளை வரிவரியாக வாசித்தாள்.

"சேர், இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு முந்நூறு மில்லி போயிருக்கிறியள்."

"ஓம் பிள்ளை."

"இப்ப காலமை பத்தரை, சேர்."

முறைக்குக் காத்து வாங்கில் வரிசையாக இருந்த கிழவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள் போலும். "வாத்தியார் இனிப் போறதையும் இப்பவே பெய்திட்டார்!" என்றார் மயிலிட்டியிலிருந்து வந்திருந்த கடற்றொழிலாளி. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. "உம்மடை கொப்பியைப் பாரும் காணும்" என்று சீறினேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. சலம் போய்விட்டு வரச் சொன்னாள். பிறகு திரைக்குப் பின்னால் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்தாள். போய்விட்டு வந்தும் சலப்பை அரைவாசிக்கு மேல் நிறைந்தே கிடந்தது. கிட்னி இரண்டும் வீங்கத் தொடங்கியிருந்தன.

"உந்தக் கொப்பியை நம்பியிருந்தால் கிட்னி போயிருக்கும், சேர். அறுக்கத்தான் வேணும்."

"உங்கடை மெசின் பிழையாக்கும்" என்றேன். வாத்தியார்ப் புத்தி எங்கே போகும்!

அவள் தன் பட்டியலில் என் இலக்கத்தை வெட்டினாள். "ஆராய்ச்சியிலை இனி நீங்கள் இல்லை. எனக்கு நல்ல விடை சொல்லத் தேவையில்லை. இப்ப சொல்லுங்கோ, சலம் போகேக்கை நோ இருக்கோ?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"இருக்குப் பிள்ளை. மூண்டு மாசமா. இடைக்கிடை ரத்தமும் போகுது."

என்னோடு கூட வந்து, திரைக்கு அந்தப் பக்கம் என் சேர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிசி இதை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அறுக்கிறதுக்கான சம்மதப் படிவத்தை டொக்டரிடம் கேட்டு வாங்கி, பேனையை என் விரல்களுக்குள் திணித்தாள்.

"இஞ்சருங்கோ, என்னைத் தனிய விட்டிட்டுப் போற யோசினையோ?"

கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் நேரத்தைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தே எழுதினேன்.