வலையில் படர்ந்த முந்திரிகை

1993 ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஐந்தரைக்கு மானிப்பாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். நெல்லியடிக்குப் பதினேழு மைல். எங்கள் பேச்சில் பதினேழு கட்டை. மண்ணெண்ணெயில் ஓடும் வான் வண்டியில் போக எண்பது ரூபா கேட்கிறார்கள், அதுவும் இருமிக்கொண்டே போகும் வான். ஐம்பது வயதுப் பள்ளிக்கூட ரீச்சர் சேலையோடு இவ்வளவு தூரம் மிதிப்பதா என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவராவது வான் காசு தருவதாகச் சொல்லவில்லை.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை, வங்கி வாசலுக்குப் போக முடியாதவர்களுக்குத் தொழிற்கடனாகக் கொடுக்கும் சிறு சங்கம் ஒன்று வைத்திருக்கிறோம். நான் அதன் தனாதிகாரி. நெல்லியடியில் பவளம் என்ற பெண்ணும் இன்னும் ஐந்து குடும்பங்களும் சேர்ந்து நாற்பதாயிரம் ரூபா கேட்டிருந்தார்கள். தொகை பெரிதல்ல. ஐந்து வருடத் தவணை கேட்டதுதான் எங்கள் கூட்டத்தைக் கலக்கிவிட்டது.

எங்கள் தலைவர் வெங்காயக் கமக்காரர். நட்ட மூன்றாம் மாதம் கிண்டி எடுக்காத எதையும் அவர் நம்புவதில்லை. "ரீச்சர், நீங்கள் பாத்து முடிவெடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அஞ்சு வருசத்திலை ஆர் ஆர் எங்கை இருப்பமோ?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் மிதித்தேன்.

உரும்பிராய்த் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் சாக்கு போர்த்திக் கிடந்தன. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையில் எண்ணெய் வராததால் மறுபடி துலாவில் இறைக்கிறார்கள். கோப்பாய், நீர்வேலி தாண்டி அச்சுவேலியை அடைந்தபோது ஏழே முக்கால். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேநீர் நாலு ரூபா.

"அக்கா, தூரமோ?" என்றார் கடைக்காரர்.

"நெல்லியடிக்கு."

"அப்ப வல்லை வெளியிலை மிதிக்கத் தேவையில்லை. சோழகம் கொண்டுபோய் விட்டிடும். திரும்பி வரேக்கைதான் பாடு."

அவர் சொன்னது சரி. வல்லை வெளியில் தென்மேல் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் வற்றிய உப்புத் தரை. ஒன்பது மணிக்கு நெல்லியடிச் சந்தையில் இறங்கினேன். வழி விசாரித்துப் பவளத்தின் குடிசையைக் கண்டுபிடிக்க இன்னும் அரை மணித்தியாலம் போயிற்று.

ஆறு குடும்பங்களும் மயிலிட்டிக் கடற்கரையை விட்டு எழும்பி வந்தவர்கள். மூன்று வருடமாகிறது. கரை ராணுவத்தின் கையில் இருக்கிறது, திரும்ப வழியில்லை. கனடாவுக்குப் போன ஒருவரின் நாலு பரப்புக் காணி ஐந்து வருடக் குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது. அதில் முந்திரிகை வைக்கப் போகிறார்கள். திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கடலோடிகளுக்குத் தோட்டம் சரிவருமா என்று நான் வாய்திறக்க முன்னரே பவளம் என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ஒரு பந்தல். பரீட்சித்துப் பார்க்க நட்ட ஒரு கொடி அதில் படர்ந்திருந்தது. பந்தலுக்குக் கம்பி இல்லை. மீன்வலையின் ஓரத்தில் ஓடும் தடித்த கயிற்றை உருவி, அகலக் கண்ணாகப் பின்னி, பூவரசங் கதியால் தடிகளில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"கம்பியை ஆமிக்காரர் வவுனியாவிலேயே மறிச்சுப் போடுறாங்கள், ரீச்சர். எங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியும். அதுதான்."

"காசு ஒரு வருசத்துக்குத் தந்தா?"

"போன வருசம் வேறை இடத்திலை ஆறு மாசக் கடன் எடுத்துக் கோழி வளர்த்தம். கோழி முட்டையிடத் தொடங்கேக்கை தவணை வந்திட்டுது. முட்டையிட்ட கோழியை வித்துக் கட்டினம்." அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தக் கொடி பழம் தர ஒண்டரை வருசம் வேணும். ஆறு வீடும் நிமிர அஞ்சு வருசம் வேணும்."

தலைவரின் கேள்வியை அப்படியே கேட்டேன். பவளம் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நாங்கள் இருக்கமாட்டம் எண்டு பயந்தா, காசை வைச்சிருந்து ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதுவரை வேலியோரம் குந்தியிருந்த அவள் கணவர் செல்வராசா எழுந்தார். "எனக்கு விருப்பமில்லை, ரீச்சர். அஞ்சு வருசம் எண்டு எழுதினா, அஞ்சு வருசத்துக்கு ஊருக்குப் போகமாட்டம் எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. வலையையும் உருவிப் போட்டா, விடுற அண்டைக்கு என்னத்தைக் கொண்டு கடலுக்குப் போறது?"

"எழுதாட்டி மட்டும் நாளைக்கு விடுறாங்களோ?" என்றாள் பவளம்.

எழும்பி ஓடியபோது பானை சட்டியை விட்டுவிட்டு வலைகளைத்தான் செல்வராசா தோளில் தூக்கி வந்தாராம். எனக்கு அவர் பக்கமும் நியாயமாகப் பட்டது, அவள் பக்கமும் நியாயமாகப் பட்டது.

"அண்ணை," என்றேன், "ஊருக்கு விட்டா அடுத்த நாளே போங்கோ. தோட்டத்தை மற்ற ஆக்கள் பாக்கட்டும். நாங்கள் காசை உடனை திருப்பிக் கேக்கமாட்டம். தவணையை மயிலிட்டிக்கே வந்து வாங்குவன்."

"மயிலிட்டிக்கு வருவியளோ?"

"ஓம், வருவன்."

அவர் பவளத்திடம் திரும்பினார். "மூண்டு வலை கிடக்கு. ரெண்டை உருவு. மற்றதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. அது கடலுக்கு."

"ஆர் கை வைச்சது?" என்று சீறியவள், வெறுங்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தவணை ஐந்து வருடம், முதல் பதினெட்டு மாதம் ஒன்றும் கட்டவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். செல்வராசாவும் வைத்தார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். வல்லையில் எதிர்க்காற்றில் இறங்கி உருட்டித்தான் நடந்தேன். மானிப்பாயில் நாங்கள் ஓடு மாற்றுவதையும், கிணறு வெட்டுவதையும், பிள்ளைகளின் கல்யாணத்தையும் "பிரச்சினை முடியட்டும்" என்று தள்ளிவைத்திருக்கிறோம். இருந்த வீட்டையே இழந்தவர்கள் ஐந்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். பொறாமையாகக்கூட இருந்தது.

நடந்தபடியே மானிப்பாயிலிருந்து மயிலிட்டிக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்தேன். பத்துப் பதினொரு கட்டைதான் வரும். நெல்லியடியை விடக் கிட்ட.