முக்கால் மணிக்குள் திரும்பிவர ஓர் அறை: வியன்னாவுக்குக் குற்றாலத்தில் ஒத்திகை

போன அக்டோபரில் நானும் என் கணவரும் வியன்னாவில் ஐந்து இரவு தங்கிவிட்டு வந்தோம். எங்கள் மகள் வேணி அங்கே சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலை முடித்தாள். அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்குத்தான் போனது. திரும்பி வந்ததும் தென்காசியில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஊருக்கு நடுவில், ஓர் இரவுக்கு நூறு யூரோவுக்குள் எப்படி அறை பிடித்தீர்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. தாலுகா ஆபீசில் நில அளவைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வரைவாளராக இருந்தவள். யார் என்ன தூரம் சொன்னாலும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் குணம் சீக்கிரமே வந்துவிடும். சீசனில் ஐந்தருவி ரோட்டில் எந்த லாட்ஜ் போர்டைப் பார்த்தாலும் ‘அருவிக்கு மிக அருகில்’ என்றுதான் இருக்கும். எந்த அருவி என்று இருக்காது.

எனக்கு மையமான இடத்தில் அறை வேண்டியிருந்ததற்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை. என் கணவர் காவல் துறையில் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக ப்ராஸ்டேட் தொந்தரவு. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போயாக வேண்டும். வந்துவிட்டால் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் அடக்க முடியாது. குளிர் பட்டால் அதுவும் கிடையாது. (இதையெல்லாம் அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு வாக்கியத்தை அவரே படித்துவிட்டு வெட்டினார்.)

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. வாசுதேவநல்லூரில் சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கே போகவில்லை. இரண்டு வருடம் முன்பு வேணியை வழியனுப்பத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் வரவில்லை. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம். எப்படி வருவார்? ஆனால் வேணிக்கு அது தெரியாதே. அவள் அரசுத் தேர்வு எழுதவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தவர். அந்தக் கோபத்தில்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அழுதபடியே போனாள். அதன்பிறகு அவரிடம் போனில் பேசுவது ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்பதோடு நின்றுபோனது.

வேணி பட்டமளிப்புக்கு அழைத்தபோது அவர் என்னிடம் ‘நீ போயிட்டு வா, நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்’ என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது, ஒரு பூனை. இந்தத் தடவையும் இவர் வராவிட்டால் மகள் மனதில் அது ஆயுசுக்கும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எப்படியும் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன்.

மே மாதம் தேடத் தொடங்கினேன். விசா விண்ணப்பத்தோடு தங்கும் இடத்தின் முன்பதிவையும் வைக்க வேண்டும். ஆகவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதலில் எனக்குச் சிக்கியது எழுபத்துநான்கு யூரோ அறை. ‘மையத்துக்கு 900 மீட்டர்’ என்று போட்டிருந்தது. வரைபடத்தில் நடைபாதை வழியாக அளந்தேன், 1,400 மீட்டர் வந்தது. காக்கை பறக்கிற நேர்கோட்டில்தான் 900. ஆனாலும் விலை மயக்கியது, போட்டுவிட்டேன்.

அதன்பிறகுதான் ஒத்திகை யோசனை வந்தது. வெளியே போய் முக்கால் மணிக்குள் அறைக்குத் திரும்புவது, மறுபடி போவது. இதை அவர் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் தைரியம் வந்துவிடும். ஜூலையில் குற்றாலத்தில் மெயின் அருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை போட்டேன். சீசன் வாடகை ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். தென்காசிக்காரர்கள் குற்றாலத்தில் அறை போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. லாட்ஜ் மேலாளர் ஆதார் அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

பெரிய ஊர்க் கூட்டத்துக்குப் பழக வேண்டும் என்று சனிக்கிழமையாகவே தேர்ந்தெடுத்திருந்தேன். அது என் தப்பு. லாட்ஜிலிருந்து அருவிக்கு ‘இரண்டே நிமிடம்’ என்றார்கள், நான் கடிகாரம் வைத்து நடந்ததில் நான்கு. மோசமில்லை. 9.40-க்குக் கிளம்பினோம். சாரல் முகத்தில் அடித்தது. அவர் ஆண்கள் பக்கம் வரிசையில் நின்று குளித்துவிட்டு 10.15-க்கு வேட்டி சொட்டச் சொட்ட வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அங்கே வருடக்கணக்கில் பந்தோபஸ்துக்கு நின்றவர், குளித்தது குறைவு.

திரும்பப் போனால் வந்த வழியை மறித்திருந்தார்கள். கூட்டம் ஏறிவிட்டதால் ஒருவழிப்பாதை ஆக்கி, கோயில் பக்கமாகச் சுற்றிவிட்டார்கள். தடுப்பருகே நின்ற காவலர் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். சல்யூட் அடித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, இங்கனயா ரூம் போட்டிருக்கீய? வீடு தென்காசியிலல்லா?” என்று கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுப்பை நகர்த்தியிருப்பார். இவர் “வீட்டுல வெள்ளையடிக்காங்க” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார்.

சுற்றி வர பதினான்கு நிமிடம் ஆனது. பாதி வழியில், சிப்ஸ் கடைகளுக்கு முன்னால், வேகமாக நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். பிறகு மெதுவாக நடந்தார். இனி அவசரமில்லை என்று எனக்குப் புரிந்தது. சுற்றிலும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. எல்லோர் வேட்டியும் ஈரம், எல்லோர் புடவையும் ஈரம்.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்காராமல் நின்றபடியே சொன்னார், “இங்கன எல்லாவனும் நனைஞ்சு போய் நிக்கான், தெரியல. அங்கன?” அவ்வளவு வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை அளவு தப்பியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று குளியலறையில் போய் அழுதேன்.

ஆனால் அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. போகிற தூரத்தை அளந்தேனே தவிர, வருகிற தூரத்தை அளக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே வியன்னா அறையை மறுபடி சோதித்தேன். கீழே சின்ன எழுத்தில், கழிப்பறை தாழ்வாரத்தில், மற்றவர்களோடு பொது என்று இருந்தது. ஐரோப்பாவில் மலிவான அறைகளில் இது சகஜம். படம் காட்டுவார்கள், இதைக் காட்ட மாட்டார்கள். உடனே ரத்து செய்தேன். நாலு நாள் தேடி வேறு ஒன்று பிடித்தேன்: நகரப் பூங்காவுக்குக் கிழக்கே, ஒரு பக்கத் தெருவில், ஓர் இரவுக்கு 96 யூரோ. கழிப்பறை அறைக்குள்ளேயே. லிஃப்ட் உண்டு, வரவேற்பில் எந்நேரமும் ஆள் உண்டு. விமான நிலையத்திலிருந்து வரும் உள்ளூர் ரயில் நிலையத்துக்கு நான்கு நிமிடம், ஊர் நடுவில் இருக்கும் பெரிய தேவாலயத்துக்குப் பதினாறு. முக்கியமாக, திரும்பிவர மூன்று வெவ்வேறு தெருக்கள்.

பிறகு பழைய வேலையைக் கையில் எடுத்தேன். ஒரு பெரிய தாளில் அறையிலிருந்து தேவாலயம், பல்கலைக்கழகம் வரை தெருக்களை வரைந்து, வழியில் உள்ள பொதுக் கழிப்பறை பதினொன்றையும் சிவப்பில் குறித்தேன். சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எட்டிப் பார்த்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏட்டி, இந்த ஏழாம் நம்பருக்கும் எட்டுக்கும் இடையில ரொம்பத் தூரமா இருக்கே” என்றார். பந்தோபஸ்துத் திட்டமாக அவருக்குப் பட்டுவிட்டது. வருகிறார் என்று தெரிந்துவிட்டது.

அக்டோபரில் கிளம்பினோம். திருவனந்தபுரம் வரை காரில் ஐந்து இடத்தில் நிறுத்தினோம், ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். விமானத்தில் நடைவழி ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கை. “இதுதான் இருக்கதிலேயே வசதி, பத்தடியில இருக்கு” என்று அவர் அதிசயமாகச் சொன்னார். வியன்னாவில் அறை எழுதியிருந்தபடியே இருந்தது. வேணி வரவேற்பறைக்கே வந்து காத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் பயணம் எப்படி என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் பூங்கா வழியாக நடந்தோம். எட்டு டிகிரி, காற்று வேறு. நாற்பதாவது நிமிடத்தில் என் தாளில் நான்காம் நம்பர் கழிப்பறைக்கு வந்தோம். பூட்டியிருந்தது, ஏதோ பழுதுபார்ப்பு. அறைக்குத் திரும்பப் பதினொரு நிமிடம். அப்பா ஏன் நிற்கிறார், களைப்பா என்று வேணி கேட்டாள். ஏதோ ஒரு வெள்ளையடிக்கும் கதை வரப்போகிறது என்று நினைத்தேன்.

“இல்லட்டி, எனக்கு ஒண்ணுக்கு வருது. முக்கா மணிக்கொருக்கா வரும், நிக்காது. மூணு வருஷமா இப்படித்தான்” என்றார்.

வேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த காபிக் கடைக்குள் நுழைந்து, ஜெர்மனில் அங்கே நின்றவரிடம் இரண்டு வார்த்தை சொன்னாள். கடைக்காரர் உள்பக்கம் கைகாட்டினார். மொத்தம் இரண்டு நிமிடம். என் பதினொரு சிவப்புப் புள்ளியில் அந்தக் கடை இல்லை.

இவர் வெளியே வந்ததும் வேணி கேட்டாள். “எப்பா, இதுக்கா ஏர்போர்ட்டுக்கு வரல? நான் கோவம்னுலா நெனச்சேன்.”

“நெனச்சிட்டுப் போறா, இதுக்கு அது பரவாயில்லன்னு இருந்துட்டேன்” என்றார். அவள் அழுதாள். அவரும் அழுதார். நான் மூன்று காபி சொன்னேன், பதினைந்து யூரோ, கொஞ்சம் அதிகம்தான்.

போகத் திட்டமிடுபவர்களுக்குச் சில விஷயம். தேவாலயத்தை ஒட்டிய தெருக்களில் அறை தேடாதீர்கள், ஒன்றரைப் பங்கு விலை. ஒரு கிலோமீட்டர் தள்ளி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். ‘தனிக் குளியலறை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகமிருந்தால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பதில் போடுகிறார்கள். நகர வரி வாடகைக்கு மேல் தனி. பொதுக் கழிப்பறைக்கு ஐம்பது சென்ட், சில்லறையாகச் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களோடு வருகிறவருக்கு என்ன முடியாது என்று கேட்டுவிட்டு இணையத்தைத் திறங்கள்.

நான்காம் நாள் விழா. வேணி முன்கூட்டியே சொல்லி எங்களுக்குக் கதவோரம் கடைசி வரிசையில் இரண்டு இடம் வாங்கியிருந்தாள். நான் நேரம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், உரை இருபது நிமிடம், இசை பத்து, பிறகு பட்டம். உரையே நாற்பது நிமிடம் போயிற்று. இசையும் முடிந்து பட்டம் கொடுக்கத் தொடங்கியபோது இவர் என் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். கதவு சாத்திய அடுத்த நிமிடம் வேணியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடை ஏறியவள் எங்கள் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பக்கத்தில் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பட்டத்தை வாங்கினாள்.

நான்கு நிமிடம் கழித்து இவர் வந்து உட்கார்ந்தார். மேடையில் வேறு யாரோ ஒரு பையன் நின்றான்.

“கூப்ட்டுட்டாங்களா?”

“கூப்ட்டாச்சு.”

“என்னையத் தேடினாளா?”

“தேடல” என்றேன். “நீங்க எங்கன இருக்கியன்னு அவளுக்குத் தெரியும்லா.”