குளவிக்கு மூட்டிய அடுப்பு

மலைமேல் அந்தத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசையில் எனக்கென்று சொன்ன லைன் வீட்டில் குளவிகள் முந்திக் குடியேறியிருந்தன. தகரக் கூரைக்குக் கீழே, விட்டத்தில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு கூடு. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மசினகுடியில் ஜீப் கழுவினேன், மேட்டுப்பாளையத்தில் மூட்டை தூக்கினேன். எங்கும் ஒரு வருடம் தங்காமலே நாற்பதைத் தாண்டிவிட்டேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருக ஒரு கதவு அதுவரை வாய்த்ததில்லை. இங்கும் இலை எடை போடும் கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பதினோரு ராத்திரி கழிந்திருந்தது.

சூப்பர்வைசர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வருவேன். குளவி போயிருந்தா ஊடு உன்னுது. இல்லீன்னா பூட்டிப்போட்டு சாவிய ஆபீஸ்ல குடுத்துருவேன். கொட்டி எவனாச்சும் செத்தா நாந்தான பதில் சொல்லோணும்."

கீழே நான் வேலை பார்த்த ஊர்களில் புகை போட்டுத்தான் குளவி விரட்டுவார்கள். அன்று மதியமே கவ்வாத்தில் வெட்டிக் கழித்துப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளை அள்ளிவந்து அடுப்பில் திணித்துப் பற்றவைத்தேன். காய்ந்த குச்சி. புகையவே இல்லை, நன்றாக எரிந்தது. அறை சூடானது. கூட்டின்மேல் சோம்பிக் கிடந்தவை சிறகை உதறிக் கிளம்பின. காதில் ஒன்று, புருவத்தில் இரண்டு, பிடரியில் எத்தனை என்று எண்ணவில்லை. வெளியே ஓடிவந்து விழுந்தேன்.

பக்கத்து வீட்டில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னண்ணே, குளவிக்குக் குளிர் காய அடுப்பு மூட்டிக் குடுத்தீங்களா? அப்பிடியே ஆளுக்கொரு பிளேன்டீயும் ஊத்திக் குடுங்க!"

"சிரிங்க. நாளைக்கு அங்க நான்தான் டீ போடுவேன்."

"மொதல்ல கண்ணு தெறக்குதான்னு பாப்பம்."

வீக்கத்தில் சுண்ணாம்பு தடவும்போதும் அந்தக் கேலி மண்டையில் சுற்றியது. சூட்டில் எழுந்தவை குளிரில் எழாதே! அந்த வாரம் விடியலில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சாயங்காலம் குளவிகள் கூடு திரும்பியதும் அடுப்புத் தணலில் தண்ணீரை ஊற்றி, குளிர் உள்ளே போகட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தேன்.

விடிந்தது. வெயில் மேட்டைத் தாண்டுமுன் கொழுந்துச் சாக்கோடு உள்ளே போனேன். ஒரு கண் திறக்கவில்லை, மற்றது போதுமாயிருந்தது. குளவிகள் ஆணி அடித்ததுபோல் கூட்டில் ஒட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் காலை மெல்ல அசைத்தது. ஸ்டூலில் ஏறி, சாக்கைக் கீழிருந்து மேலாக மாட்டி வாயைச் சுருக்கிப் பிடித்து, கூட்டின் காம்பைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்தேன். இவ்வளவு பாடு படுத்திய கூட்டுக்குக் கனமே இல்லை. ஓடைக்கு அப்பால், காட்டோரத்தில் ஒரு மரத்தடியில் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு, ஓடாமல் நடந்தே திரும்பினேன்.

பத்து மணிக்குச் சூப்பர்வைசர் தலையை மட்டும் உள்ளே நீட்டி விட்டத்தைப் பார்த்தார். அடுப்பில் தேநீர் ஏறியிருந்தது.

"மருந்து கிருந்து அடிச்சயா?"

"இல்லீங்க. தூங்கறப்பவே தூக்கிட்டுப் போய்ட்டேன்."

சாவியை நீட்டினார். வாங்கி, வெளியே வந்து கதவைப் பூட்டினேன். திறந்தேன். மறுபடி பூட்டி இழுத்துப் பார்த்தேன்.

"அண்ணே," பக்கத்துப் படியிலிருந்து குரல் வந்தது, "உள்ள டீ பொங்குது. கதவத் தெறங்க!"