அல் ஐன் மைதானத்தில் புழுதிக் காற்று

துபாயில் நான் கல்லூரியில் படித்த காலத்தை நினைத்தால் முதலில் கேட்பது கால்பந்து காலரியின் மேளச் சத்தம். அடுத்துக் கேட்பது அந்தக் காற்று.

எங்கள் அணி ஒரே ஒருமுறைதான் இறுதி ஆட்டம் வரை போனது. ஆட்டம் பாலைவனத்தை ஒட்டிய அல் ஐன் நகரத்தில். கல்லூரி பஸ்ஸில் ஆட்டக்காரர்கள் முன்னால், கத்துவதற்கென்றே கிளம்பிய நாங்கள் பின்னால். பக்கத்தில் என் தோழி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அஜ்மானில் வளர்ந்தவள். எங்கள் பையன்கள் பந்தைத் தொட்டாலே மேளம் அடிப்பாள். அவளுக்கு ஆஸ்துமா. கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அன்றைக்கு மேளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள்.

இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மைதானத்துக்கு அப்பால் வானம் செங்கல் நிறத்தில் எழுந்து வந்தது. நடுவர் விசில் ஊதினார். ஊதி முடிப்பதற்குள் புழுதி எங்கள் மேல் விழுந்தது. தகரக் கூரை படபடவென்று அடித்தது. விளம்பரப் பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு தலைக்கு மேல் பறந்தது. எல்லோரும் பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்தோம்.

தோழி என் முழங்கையைப் பிடித்தாள். "மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு," என்றாள். "என்ர பாக்... பஸ்ஸுக்குள்ள."

நான் துணிச்சல்காரி இல்லை. லிஃப்டில் தனியாகப் போகவே யோசிப்பவள். ஆனால் அவள் நெஞ்சிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, கம்பி வேலியைத் தடவித் தடவி வாசலுக்குப் போனேன். முதலில் கையில் தட்டுப்பட்டது எதிரணியின் பஸ். அடுத்ததுதான் எங்களுடையது. டிரைவர், பெஷாவர்க்காரர், என்னை உள்ளே இழுத்தார். "பைட்டோ பேட்டி. பாஹர் மத் ஜாவோ," என்றார், உட்கார் மகளே, வெளியே போகாதே என்று. நான் பையை எடுத்துக் காட்டி நெஞ்சில் கை வைத்தேன். கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பும்போது வேலி கை நழுவியது. பக்கத்தில்தான் இருக்கும் என்று துழாவினேன். இல்லை. காலடியில் செயற்கைப் புல் தட்டுப்பட்டதும் மைதானத்துக்குள் வந்துவிட்டது தெரிந்தது. காலரி எந்தப் பக்கம்? கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாயெல்லாம் மண். அவள் அசையாமல் கிடப்பது போன்ற ஒரு காட்சி மனதைவிட்டுப் போகவில்லை. ஓடினேன். ஏதோ ஒன்று என்னை முகத்தோடு அள்ளிப் பிடித்தது. கை, கழுத்து, பை எல்லாம் சிக்கின. "அம்மா" என்று அலறிவிட்டேன்.

"தமிழா?" என்றது ஒரு குரல். "அசையாதீங்க. வலைதான்."

எதிரணியின் கோல்கீப்பர். கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் குந்தியிருந்தான். வலையை என் தலையிலிருந்து எடுத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

"கீழ வெள்ளைக் கோடு தெரியுதுல்ல? அதப் பிடிச்சே போனா காலரிப் பக்கம் வந்துடும்," என்றான். இருவரும் கூன் போட்டு, மண் மூடாத இடங்களில் கோட்டைத் தேடித் தேடி நடந்து காலரியை அடைந்தோம்.

தோழியின் உதடு கறுத்திருந்தது. இன்ஹேலரைப் பிடிக்க விரலில் வலுவில்லை. நான்தான் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பிறகு அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன, கண் திறந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது, "நான் நல்லாத்தான் இருக்கிறன்," என்று எழுந்து நிற்கப் பார்த்தாள்.

பிறகொரு நாள் ஆட்டத்தை மறுபடி வைத்தார்கள். அவள் மேளத்தோடு வந்தாள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றோம். துபாய் வந்து சேரும்வரை அவள் நடுவரை மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே வந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.