தனசிங் சாரும் ஏழு பேஸ் கிட்டார்களும்

அந்தப் போன் வந்தபோது நான் பல்லடம் ரோட்டில் ஒரு நிட்டிங் யூனிட்டில் நின்று துணி ரோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனிச் சாயப் பட்டறையின் செக்யூரிட்டி பேசினார். மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து, என்னங்க என்று திரும்பக் கேட்டேன். "லேப் தனசிங் சார் போயிட்டாருங்க மேடம். காலைல பல்லு வெளக்கிட்டு வந்து உக்காந்தவருங்க, அப்படியே சாஞ்சுட்டாருங்க" என்றார். நான் சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய், விட்ட ரோலிலிருந்து பார்த்து முடித்துக் கையெழுத்தும் போட்டேன். கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

தனசிங் சாரைத் தெரிந்தவர்கள் படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். சர்ச்சில் அவருக்குப் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்தவர்கள், அவரிடம் துணிச் சாயத்தின் ஷேடு பார்க்கக் கற்றவர்கள், அவர் வாங்கிய கிட்டார்களை அவருக்கு விற்றவர்கள். அடக்கத்தன்று ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவர் நல்லவர் என்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதை மைக்கில் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவர் திருச்செந்தூர் பக்கத்துக்காரர். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, சாயப் பட்டறையில் மூட்டை தூக்கி, கண் நன்றாக இருந்ததால் லேப் இன்சார்ஜ் ஆனவர். நான் திருப்பூர் ராயபுரத்துக்காரி. கார்மென்ட் பிரிவில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். பையர் அனுப்பிய நீலமும் லேப் சாயமேற்றிய நீலமும் ஒன்றுதான், சும்மா இழுத்தடிக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் இரண்டு துண்டையும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது முன்பக்கம் திறந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பட்டனை அழுத்தினால் பகல் வெளிச்சம், கடை டியூப்லைட், மஞ்சள் பல்ப், ஊதா விளக்கு என்று ஒவ்வொன்றாக மாறும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாக இருந்த நீலம், மஞ்சள் பல்பில் இரண்டாகிவிட்டது. ஒன்று சிவப்படித்துப் போய் நின்றது. "ஒரே வெளிச்சத்துல பாத்துட்டு எதையும் சொல்லக்கூடாது மேடம்" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

பிடித்துப்போனது கிட்டாரால்தான். லேப்பை ஒட்டி, சாம்பிள்களை வைக்க ஒரு ஏ.சி. அறை உண்டு. அதில் ஷேடு கார்டுகளுக்கு நடுவே இரண்டு பேஸ் கிட்டார்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஊட்டில் வைத்தால் வெக்கைக்குக் கழுத்து வளைந்துவிடுமாம். இதென்ன என்று எம்.டி. ஒரு நாள் கேட்டதற்கு, சாம்பிள் என்று சொல்லியிருக்கிறார். எம்.டி.யும் எந்தப் பையருக்கு என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கிட்டாருக்கும் துணிக்குக் கட்டுவது போலவே ஒரு அட்டை கட்டியிருப்பார். எந்த ஊரில் வாங்கியது, யாரிடம், என்ன நிறம், எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும்.

மத்தியானம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் வாசிப்பார். சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் ஒயரும் அங்கே வைக்க முடியாது. அதனால் கிட்டாரின் தலையை இரும்பு பீரோவில் முட்டக்கொடுத்துக்கொண்டு வாசிப்பார். பீரோ முழுக்க அதிரும். நான் பீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டிபன் பாக்ஸில் மிச்சமிருப்பதைத் தின்பேன். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்டதைவிட முதுகில் கேட்டதுதான் அதிகம். என்ன சார் இது, பாட்டு எங்கே என்று கிண்டல் செய்தால், பாட்டு மேல போயிட்டிருக்கு, நான் கீழ தாங்கிட்டிருக்கேன் என்பார்.

கிட்டார் வாங்குவதிலும் அவருக்கு லேப் புத்திதான். பழைய கிட்டார் என்றால் லைட் பாக்ஸில் வைத்து ஊதா விளக்கைப் போடுவார். பழைய பெயிண்ட் ஒரு மாதிரி மங்கலாக ஒளிரும், பிற்பாடு அடித்தது செத்துப்போய்க் கிடக்கும். பெயிண்ட் மாறியிருந்தால் மதிப்பு பாதிகூட இல்லையாம். ஒரு தடவை கோயம்புத்தூரில் டெஸ்டிங் ரிப்போர்ட் வாங்கித் திரும்பும்போது, வேனைப் போத்தனூர் ரயில்வே காலனிக்குள் விடச் சொன்னார். அங்கே ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர், ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களுக்கெல்லாம் வாசித்தவர், மகளோடு ஆஸ்திரேலியா போகிறார். கடல் பச்சையில் ஒரு பேஸ் கிட்டார். இளம் வயதில் கப்பல்காரர் ஒருவரிடம் புத்தம் புதுசாக வாங்கியது, முப்பத்தைந்து வருஷமாக வேறு யாரும் தொட்டதில்லை என்றார். லேப்பில் பார்க்கவேண்டும் என்றதும், நானும் வருகிறேன் என்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு திருப்பூருக்கே வந்துவிட்டார்.

தனசிங் சார் அதைப் பெட்டிக்குள் படுக்க வைத்து ஊதா விளக்கைப் போட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. முழுக்கச் செத்த பச்சை, ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பழைய பெயிண்ட் மினுங்கியது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஒரிஜினல்தானே என்று கேட்டார். தனசிங் சார் விளக்கை அணைத்தார். "ஒரிஜினல்தாங்கய்யா" என்றார். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். பெரியவர் கிட்டாருக்கு முத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். ஏன் சார் பொய் சொன்னீர்கள் என்று நான் பிடித்துக்கொண்டேன். ஊரை விட்டுப் போற மனுஷன்கிட்ட போய் அதையெல்லாம் சொல்லுவாகளா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அட்டை எழுத உட்கார்ந்தார்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் சென்னை மெல்லிசைக் குழு ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததைக் கேட்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்கக் கச்சேரி, வெளிநாடுகூட உண்டு. பீரோவில் சாய்ந்து நின்று என்னிடம்தான் முதலில் சொன்னார். "நாப்பத்தோரு வயசுல என்னைய வாசிக்கதுக்குக் கூப்பிடுதாங்க மேடம். சாயத்துக்கு இல்ல, வாசிக்கதுக்கு" என்றார். எம்.டி.யும் மனசார அனுப்பச் சம்மதித்துவிட்டார். வேறு ஆள் வருகிறவரை ஒரு மாதம் இருந்தால் போதும் என்றார்.

அதே மாதம் என் பேரில் முதல் பெரிய ஆர்டர் வந்தது. எல்லாம் நேவி நீலம், அவர் கண் இல்லாமல் சரியாக வராத நிறம். எங்கள் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆன முதல் பெண் நான். இது சொதப்பினால், பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வேலை என்று சொல்ல ஒரு கூட்டமே காத்திருந்தது. பையரின் ஆள் ஒரு படிவத்தை இரண்டு பிரதிகள், பெரிய ஆங்கில எழுத்துகளில் தன் கையாலேயே நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஷேடு பொறுப்பாளர் யார் என்ற ஒரு வரியை மட்டும் எங்களுக்காகக் காலியாக விட்டிருந்தார். புது ஆள் வந்ததும் அவர் பெயரை எழுதச் சொல்லியிருந்தார் எம்.டி. நான் என் பேனாவை எடுத்து, அதே நீலத்தில், அதே மாதிரி பெரிய எழுத்தில், இரண்டு பிரதியிலும் தனசிங் என்று எழுதினேன். பையரே இவர் பெயரைக் கேட்டு எழுதிவிட்டார் என்று எம்.டி.யிடம் சொன்னேன். ஒன்று பையருக்குப் போனது. இன்னொன்றை நானே கொண்டுபோய் லேப்பில் கொடுத்தேன்.

எம்.டி. அவரைக் கூப்பிட்டு, இந்த ஒரு சீசன் மட்டும் இருந்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தனசிங் சாரின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே நின்ற மனிதர் எம்.டி. அவரிடம் முடியாது என்று சொல்ல தனசிங் சாருக்கு வாய் வராது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். சென்னைக் குழு இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

ஒரு சீசன் ஆறு வருஷமானது. பையரின் கோப்பில் ஏறிய பெயர் இறங்கவே இல்லை. ஆர்டர் வரும்போதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே வந்தது. லைட் பாக்ஸ் இருக்கிற அறையில் ஜன்னல் கூடாது, சுவருக்கும் சாம்பல் பெயிண்ட்தான். காலையில் உள்ளே போனால், வெளியே வெயிலா மழையா என்பதே தெரியாது. நான் கதவைத் திறக்கும்போதெல்லாம், வெளிய மழையா மேடம் என்பார். அவர் வேறு எதுவும் கேட்டதில்லை.

கிட்டார் மட்டும் கூடிக்கொண்டே போனது. சேலத்தில் கலைந்துபோன ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து ஒன்று, கோலார் தங்கவயலிலிருந்து ஒன்று, கொச்சியிலிருந்து குறுக்குக் கட்டைகள் இல்லாத வழுவழுப்பான கழுத்தோடு ஒன்று, ஐந்து கம்பி வைத்தது ஒன்று. அவர் போகாத ஊர்களிலிருந்தெல்லாம் லாரி பார்சலில் வந்து இறங்கின. புதுசு வந்தால் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். நான் போய், நல்லாருக்குங்க சார் என்று சொல்லவேண்டும். ஏழாவது கிட்டார் வரைக்கும் சொன்னேன். குற்றம் செய்தவளுக்கு இதைவிடப் பெரிய ஜெயில் கிடையாது.

போன வருஷம் அந்தப் பையர் ஆர்டரையெல்லாம் வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். எல்லோருக்கும் வயிறு எரிந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கதவு திறந்தது. நேராக லேப்புக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரை எழுதியது பையர் இல்லைங்க சார், நானுங்க என்றேன்.

அவர் ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார்.

"தெரியும் மேடம். நீங்க குடுத்த அன்னைக்கே பெட்டிக்குள்ள வச்சிப் பாத்துட்டேன். மஞ்ச பல்புல எல்லா எழுத்தும் நீலமாத்தான் நின்னுச்சு, எம்பேரு மட்டும் செவந்துபோச்சு."

ஏன் எம்.டி.யிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேல போயிருக்கும்லா. ஒருத்தர் மாட்டுனா போதும்னு விட்டுட்டேன்."

இப்போதாவது போங்கள் சார் என்றேன். சிரித்தார். இனி எங்கே போக, அந்த இடத்தில் ஒரு பையன் நன்றாக வாசிக்கிறானாம் என்றார். பிறகு கிட்டாரை எடுத்து பீரோவில் முட்டக்கொடுத்தார். சாய்ந்துகொள்ளச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் சாய்ந்துகொண்டு அழுதேன். அவர் பத்து நிமிடமும் வாசித்தார். அதற்குப் பிறகும் பல மாதங்கள் அதே அறையில்தான் இருந்தார். போன மாதம் வரைக்கும் நான் கதவைத் திறந்தால் மழையா என்றுதான் கேட்டார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று சிலர் இதைப் படித்துவிட்டு ஆறுதல் சொல்லலாம். வேண்டாம். அவர் திட்டியிருந்தால் நான் திரும்பத் திட்டியாவது தப்பித்திருப்பேன். திட்டாமல் போய்விட்டார். நான் எங்கேயும் போக முடியவில்லை.

பதினாறாம் நாள் அவர் மனைவி எஸ்தர் அக்கா என்னைக் கூப்பிட்டு, போத்தனூர்க் கிட்டாரைக் கையில் கொடுத்தார். "இது கலா மேடத்துக்குன்னு சொல்லி வச்சிருந்தாவ" என்றார். அட்டை அப்படியே கட்டியிருந்தது. ஊர், பெரியவர் பெயர், நிறம் கடல் பச்சை. அதற்குக் கீழே, ஒரிஜினல் என்று எழுதியிருந்தார். தான் மட்டும் பார்க்கிற அட்டையிலும் அந்தப் பெரியவரை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாது. ராத்திரி சாப்பிட்டதும் அதன் தலையை எங்கள் ஊட்டு பீரோவில் முட்டக்கொடுத்து, தடித்த கம்பியை ஒரு தடவை இழுத்து விடுகிறேன். உள்ளே பட்டுப்புடவைகளும் பத்திரங்களும் அதிர்கின்றன. முதுகைச் சாய்த்து அது அடங்குகிற வரைக்கும் நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், ஒரு பொய்யும்தான்.

முந்தாநாள் பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய பேஸ் கிட்டார்களைச் சேர்க்கிறவராம். கடல் பச்சையில் ஒன்று உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், பெயிண்ட் ஒரிஜினலா, இல்லை பிற்பாடு அடித்ததா என்று கேட்டார்.

"ஒரிஜினல்தாங்க" என்றேன். "ஆனா விக்கறதுக்கில்லீங்க."