சவுண்ட் கார்ட் பிடித்த சத்தம்

சண்டை மறுபடி மூளும் என்று ஊரெல்லாம் கதை அடிபட்ட நாட்களில், மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். கந்தோர் வேலையை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஆளில்லாத வீட்டில், நானும் ஒரு கம்ப்யூட்டரும் மிஞ்சினோம். தை பிறந்தால் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இங்கேயா, கொழும்பிலா என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையில் இழுபட்ட வழக்கு. கொழும்பில் சேர்த்துவிட்டால் பிறகு அவர்கள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பயம்.

மகளுக்கு நான் கதை சொன்னால்தான் நித்திரை வரும். ஆகவே கம்ப்யூட்டரில் கதைகளைப் பதிந்து, சீடியில் இறக்கி, கொழும்பு போகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்பார்கள். ஆனால் என் கம்ப்யூட்டரின் மதர்போர்டோடு சேர்ந்தே வந்த சவுண்ட் படுமோசம். பேசுவது பாதி, இரைச்சல் பாதி. "அப்பா ஏன் மழைக்குள்ள நிண்டு கதை சொல்லுறார்?" என்று மகள் கேட்டாளாம். தொலைபேசியில் அதைக் கேட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாளே கம்ப்யூட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிற முஸ்லிம் நாநாவிடம் கொண்டுபோனேன். தனியாக ஒரு சவுண்ட் கார்ட் போட்டால் இரைச்சல் போய்விடும் என்றார். பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் இருந்த வெள்ளைப் பள்ளம் ஒன்றில் கார்ட்டைச் செருகி, திருகாணி இறுக்கி, பழைய சவுண்டை நிற்பாட்டிவிட்டார். வீட்டில் வந்து மைக்கைக் கொழுவிப் பேசிப் பார்த்தேன். எச்சில் விழுங்குவதுகூடத் துப்புரவாகக் கேட்டது. எனக்குப் பிடிபடாத சந்தோஷம்.

அன்று பின்னேரமே தென்னை மரத்தில் ஏறப்போன நண்டின் கதையைப் பதிந்தேன். நண்டின் குரல், தென்னையின் குரல், காகத்தின் குரல் எல்லாம் நானே. முடிவில் மனைவிக்கும் நாலு வார்த்தை சேர்த்தேன். இங்கே இப்போது ஒரு சத்தமும் இல்லை, பயப்படாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும் என்று. ஒருமுறை முழுக்கப் போட்டுக் கேட்டு, திருப்திப்பட்டுத்தான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொமியூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று அழைப்பெடுத்தேன். மனைவி கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நண்டு ஏறும்போது ஒருதரம், சத்தமில்லை என்று நான் சொல்லும்போது இன்னொருதரம், டொம் என்று கேட்கிறதே, அது என்ன என்று கேட்டாள். கார்ட்டில் பிழை, மாற்றிவிடுகிறேன் என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கம்ப்யூட்டரை மறுபடி கரியரில் கட்டி, நாநாவின் கடைக்குப் போய் எகிறினேன். நல்ல சாமான் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டீர்களே என்று நாலு பேர் கேட்கப் பேசினேன். கம்ப்யூட்டரில் இருந்த பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, கார்ட்டில்தான் பிழை என்று அவரும் ஒத்துக்கொண்டார். கார்ட்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, வேறு பள்ளத்தில் செருகினார். மைக்கையும் மாற்றினார். பிறகு இருவரும் வாய் திறக்காமல் இருந்து, வெறும் அமைதியைப் பதிந்து பார்த்தோம். திரையில் பச்சைக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு முழத்துக்கு எம்பி விழுந்தது.

"பாத்தீங்களா, இன்னும் பிழை இரிக்கி," என்று நாநா பெட்டிக்குள் குனிந்தார். நானும் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன், கடையின் கண்ணாடி அலுமாரிக் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

கப்பல்களுக்கு அடியில் ஒருவரும் சுழியோடி வந்துவிடக் கூடாது என்று கடற்படைக்காரர் துறைமுகத் தண்ணீருக்குள் குண்டு போடுவார்கள். இரவு பகல் இல்லை. எத்தனையோ வருஷமாகப் போடுகிறார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எங்களுக்குக் குண்டே புளித்துப்போயிருந்தது. கார்ட் கேட்டதை நாங்கள் இருவரும் கேட்கவில்லை. நாநா சிரித்தார். நானும் சிரித்து, ஏசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கையோடு கொமியூனிகேஷனுக்கு ஓடினேன். எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. கார்ட்டில் பிழையில்லை, சண்டையும் இல்லை, அது வெறும் தண்ணிக்குண்டு, காவலுக்குப் போடுகிறது, உமக்குத் தெரியாததா என்று மூச்சுவிடாமல் விளங்கப்படுத்தினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அது தண்ணிக்குண்டு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "நானும் அந்த ஊரிலைதானே இருந்தனான். ஆனால் அது வெடிக்கேக்கை உங்கட குரல் ஒரு சொட்டும் மாறேல்லை. நண்டின்ரை குரலிலை சிரிச்சுக்கொண்டே போறியள். இஞ்சை பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழை பூந்திட்டாள். அவளும் உங்களை மாதிரி ஆகிறதைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. இங்கே பிள்ளைகள் வளரவில்லையா, படிக்கவில்லையா என்று கேட்டேன். கடல் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, அப்பன் நான் இருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் தரப்பு ஞாயம் முழுவதையும் கொட்டித் தீர்த்த பிறகுதான், மறுமுனையில் மூச்சுக்கூடக் கேட்கவில்லை என்று உணர்ந்தேன்.

"ஏன் பேசாமல் நிக்கிறீர்?" என்றேன்.

"இப்பவும் ஒண்டு கேட்டது," என்றாள்.

நான் கடைக்குள் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பாட்டில் நின்றார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கொழும்பிலேயே நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்க்கச் சொன்னேன்.